செவுள்

நைவாஷா ஏரி எங்கள் தெருவுக்கு வந்தபோது
யாரையும் அடித்துக்கொண்டு வரவில்லை.
முதல் நாள் சாக்கடையோரம் நின்றது.
மறுநாள் செருப்பு விடும் இடத்தில்.
நான்காம் நாள்
கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு
போகமாட்டேன் என்றது.

மேட்டில் கூடாரம் போட்டோம்.
ஒக்வாங் மட்டும் வலையோடு திரும்பிப் போனான்,
தான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கே.
நீலக் கதவைத் திறந்துவைத்து
நிலையில் ஒரு முனை,
ஜன்னல் கம்பியில் மறுமுனை.
விடிந்ததும் சமையலறையில் பதினேழு திலாப்பியா.
"சோறுதான் நம்மைத் தேடி வருது" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
அந்த வாரம் தெருவே சிரித்தது.
சோளக்கொல்லையில் கெண்டை துள்ளியது,
பிள்ளைகள் கொசுவலையால் அள்ளினார்கள்,
நான் பொரித்துப் பொரித்து
சீட்டுக்கடனில் பாதியை அடைத்தேன்.

பிறகு மழை விட்டது.
தண்ணீர் விடவில்லை.
வரிசை வீடுகளுக்குப் பின்னால்
பன்னிரண்டு கக்கூஸ் குழிகள்
வாயைத் திறந்தபடி அடியில் கிடந்தன.
மேலே பூந்தோட்டங்களில்
ரோஜாவுக்குப் போட்ட உரம்
ஓடை ஓடையாய் இறங்கி வந்தது.
தண்ணீர் முதலில் தேநீர் நிறம்,
அப்புறம் பட்டாணி வேகவைத்த நிறம்,
அதற்கும் அப்புறம்
பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

விடியற்காலைகளில் மீன்கள் மேலே வந்து
வாயைப் பிளந்தன,
நூறு பேர் சத்தமில்லாமல்
ஒரே சொல்லைச் சொல்வதுபோல.
கையாலேயே பிடிக்கலாம்.
பிடித்தோம்.

நான் முதலில் பார்ப்பது செவுளைத்தான்.
ஐஸ் போட்டால் தோல் பொய் சொல்லும்,
கண்ணும் கொஞ்ச நேரம் பொய் சொல்லும்,
செவுள் சொல்லாது.
விரலை விட்டுத் தூக்கினேன்.
சிவப்பு இல்லை.
கொக்கோ கரைத்த நிறம்,
இன்னும் துடித்துக்கொண்டிருந்த மீனுக்கு.

"வலையை எங்கே போட்டாய்?"
ஒக்வாங் முடிச்சு அவிழ்ப்பதில் மும்முரமானான்.
"அங்கேதான் அலை இல்லை, நஃபூலா"
என்றான் கடைசியில்.
எங்கே என்று எனக்குத் தெரியும்.
அந்தக் குழிகளில் ஒன்று என்னுடையது.

சுகாதார அலுவலர் ஒருவர் படகில் வந்தார்.
மூன்று புட்டிகளில் தண்ணீர் மொண்டார்,
சீட்டு ஒட்டினார்,
கை கழுவ இடம் கேட்டார்.
முடிவு எங்களிடம் வந்துசேரவில்லை.
பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும்
எப்படியோ போய்விட்டது.
நகுருவுக்குப் போகிறவர்கள்
"எந்தப் பக்கத்து மீன்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.
"ஆழத்து மீன்" என்றேன்.
ஒரு நாள் அல்ல, பதினொரு நாள்.
தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பொரித்தேன்.
தலையோடு சாட்சியும் போய்விடும்.

பன்னிரண்டாம் நாள்
மேட்டோரம் படகை முட்டவைத்து இறங்கினார்
வீட்டுக்காரர் கிமேமியா,
மிதவைச் சட்டையும் ரசீதுப் புத்தகமுமாக.
"வீடா இருக்கிறது, வாடகை கேட்கிறீர்கள்?"
என்றான் ஒக்வாங்.
"சுவர் இருக்கிறது.
சுவரில் உன் வலை இருக்கிறது."

ஒக்வாங் பதில் பேசவில்லை.
இருந்ததிலேயே பெரிய கெண்டையை எடுத்து நீட்டினான்.
கிமேமியா வாங்கிக்கொண்டார்,
கையாலேயே எடை பார்த்தார்,
பிறகு, மீன் வாங்கிப் பழகிய எவரும் செய்வதுபோல,
கட்டைவிரலால் செவுளைத் தூக்கினார்.

வெகுநேரம் பார்த்தார்.
தலையில்லாமல் என் தட்டில் அடுக்கியிருந்த
துண்டுகளைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
முந்தின நாள் அவர் மகள் வந்திருந்தாள்.
ஆறு துண்டு. உப்பு தூக்கலாகக் கேட்டாள்.

வாடகையைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.
மீனைக் கரையில் வைத்துவிட்டு
படகுக்காரனை அவசரப்படுத்தினார்.

கூரைமேல் நின்ற மராபு நாரை,
அந்த மொட்டைத்தலைப் பறவை,
இறங்கி வந்து
ஒரே விழுங்கில் கெண்டையை முடித்தது,
எதையும் தூக்கிப் பார்க்காமல்.

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
அடுப்பை உடனே அணைத்துவிட்டேன்
என்று சொல்லத்தான் ஆசை.